அம்பு ஸ்டிக்கர்

எங்கீங்க, தோள்லயா? அட ஆமாங்கக்கா. நீங்களே எடுத்துருங்க, எனக்குக் கை எட்டாது. இதேதானுங்க, செவப்பு அம்பு. என்ன பண்ணுனாலும் கூடவே வந்துருது. குளிச்சு வேற சேல கட்டுனாலும் எங்கிருந்தோ ஒண்ணு வந்து ஒட்டிக்கும். எங்க வீட்டுக்காரரு சட்டயில இருக்கும், சோத்துப் போசியில இருக்கும், ஒருக்கா சாமி படத்துல கூட இருந்துச்சு. கீழ போட வேண்டாங்க, அந்த முன் சீட்டுக் கம்பியில ஒட்டிருங்க.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்குங்க. தச்சு வர்ற பீஸ டேபிள்ல விரிச்சுப் பாக்கோணும். ஓட்ட இருக்கா, கறை இருக்கா, தையல் விட்டிருக்கா. எங்க தப்பு இருக்கோ அந்த எடத்துல இந்த அம்ப ஒட்டிரோணும். அப்பத்தான் சரி பண்றவங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தி இருந்தே இந்த வேலதான். எங்கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் போவாதுங்க. மேனேஜரே சொல்லுவாரு, கலாமணியக்கா பாத்து விட்டா அதுக்கு மேல துணி வாங்கற பையர் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் ஒண்ணும் சிக்காதுன்னு. இப்பக் கூடப் பாருங்க, முன்னால உக்காந்திருக்கறவரு சட்டையில காலர் கோணலு. பாத்தா எனக்குச் சும்மா இருக்க முடியாது.

இவ என்ற பொண்ணுங்க. சுபிக்‌ஷா. பத்தாவது படிக்கறா. இல்லீங்க, தூங்கல, சும்மா ஜன்னலப் பாத்துட்டு வர்றா. நீங்க சத்தமாவே பேசலாம், அவளுக்குக் கேக்காது. காதுல ஹெட்செட்ட மாட்டிட்டா இடி விழுந்தாலும் திரும்ப மாட்டா.

நீங்க மதுரைக்கா? நாங்க திண்டுக்கல்லுங்க. சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் இல்ல. ஒரு மிஸ்ஸப் பாக்கப் போறோம். இவ பள்ளிக்கூடத்துல இருந்தவங்க. ஏனுங்க, உங்க ஊர்ப்பக்கம் பள்ளிக்கூடத்துல கவுன்சிலிங் மிஸ்ஸுன்னு ஒருத்தங்க இருக்காங்களா? பாடம் எடுக்க மாட்டாங்க, பரிச்ச வெக்க மாட்டாங்க, நோட்டுத் திருத்த மாட்டாங்க. புள்ளைங்க வந்து உக்காந்தா பேசுவாங்க. அவ்வளவுதான் வேல. அதுக்குச் சம்பளம். எனக்கு மொதல்ல சிரிப்பாத்தான் இருந்துச்சு. பேசறதுக்கு எதுக்குங்க ஒரு ஆளு, வீட்ல நான் இல்லியா?

நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. இருங்க, இதச் சொல்லிப்போட்டு கேக்கறேன்.

இவ ஒம்பதாவது படிக்கறப்ப ஒருநா கிளாஸ் மிஸ் போன் பண்ணுனாங்க. சுபிக்‌ஷாவுக்குத் தலைல ஏதாவது வியாதியான்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. பொழுதோட வந்ததும் கிளிப்பக் கழட்டிப் பாக்கறேன், காதுக்குப் பின்னாடி உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்ல. புருவத்துலயும் பாதி இல்ல, பென்சில்ல வரஞ்சிருக்கா. என்னங்க அப்படிப் பாக்கறீங்க? நான் எப்படிக் கவனிக்காம இருந்தேன்னா? அவளே பின்னிக்குவாளுங்க. மேல இருக்கற முடிய இழுத்துக் கொண்டாந்து கிளிப்புக் குத்தி மறைச்சிருக்கா. பீஸு தன்னோட ஓட்டயத் தானே மறைச்சா எந்தச் செக்கருக்குங்க தெரியும்?

அப்பத்தான் இந்த மிஸ்ஸு வந்தாங்க. ஜெசிந்தா மிஸ்ஸு. என்னையக் கூப்புட்டாங்க. பழைய லேப் சாமானமெல்லாம் கெடந்த ஒரு ரூம காலி பண்ணிக் குடுத்திருந்தாங்க அவங்களுக்கு. உள்ள ரெண்டே சேரு. அதுவும் எதிரெதிரா இல்லீங்க. ரெண்டும் ஜன்னலப் பாத்தாப்புல, பக்கத்துல பக்கத்துல, இந்தப் பஸ் சீட்டாட்டம். ஏனுங்க மிஸ் இப்படின்னு கேட்டேன். மூஞ்சியப் பாத்துப் பேசச் சொன்னா சில புள்ளைங்களுக்கு வார்த்த வராதாம். வெளிய பாத்துட்டு உக்காந்திருந்தா தானா வருமாம். எனக்கு அந்த சேர்ல உக்காந்தா கழுத்து வலிச்சுது. நான் மூஞ்சியப் பாத்துத்தான் பேசுவேன்.

இவளே தான் முடியப் பிடுங்கறாளாம். தெரிஞ்சு பண்றதில்லியாம், மனசு இறுக்கமா இருக்கறப்ப கை தானாப் போகுமாம். திட்டக் கூடாது, கையத் தட்டி விடக் கூடாது, வாராவாரம் வியாழக்கெழம எங்கிட்ட அனுப்புங்க, அப்படின்னாங்க. சரின்னேன். நான் ஒண்ணும் படிக்காதவ இல்லீங்க, பன்னெண்டாவது முடிச்சிருக்கேன். எனக்கும் புரியும்.

அப்பறம் எனக்கு ஒரு வேல குடுத்தாங்க. தெனமும் பொழுதோட அவ பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரோணுமாம். ஒண்ணும் கேக்கக் கூடாதாம். சும்மா உக்காந்திருந்தாப் போதுமாம். நான் தட்டாமச் செஞ்சேனுங்க. கம்பெனி விட்டு வந்து, கால் கூடக் கழுவாம போயி பக்கத்துல உக்காந்துக்குவேன். ஒரு கேள்வி கேட்டதில்ல. எதுத்த வீட்டு மதுவந்தி எப்படிப் படிக்கறா, காத்தால எந்திரிச்சு எப்படி வாசத் தெளிக்கறா, அத மட்டுந்தான் சொல்லுவேன். துணிய மடிச்சு வெச்சிருக்கறது கோணலா இருந்தா அதச் சொல்லுவேன். இதெல்லாம் கேள்வியாங்க? இல்லீல்ல? அதத்தான் மிஸ்ஸுகிட்டயும் சொன்னேன். அவங்க, 'பரவால்லம்மா, நாளைக்கும் உக்காருங்க'ன்னாங்க.

எனக்கு ஆத்தாமை எங்க வந்துச்சுன்னா, இவ அந்த ரூமுக்குள்ள பேசுனா. நெம்பப் பேசுனா. வீட்ல, என்ன கண்ணு சாப்புட்டன்னா 'சாப்பாடு', எப்படி இருந்துச்சு பள்ளிக்கூடம்னா 'இருந்துச்சு'. அங்க போனா முக்கா மணி நேரம் பேசுறாளாம். அப்ப பெத்தவளுக்கு என்ன பேசறான்னு தெரியோணுமா வேண்டாமா? போய்க் கேட்டேன். 'அத அவளே உங்ககிட்டச் சொல்லட்டும்மா. உயிருக்கு ஆபத்தான விசயம்னா மட்டும் நான் கண்டிப்பா உங்ககிட்ட வருவேன். மத்ததெல்லாம் அவளோடது'ங்கறாங்க. அவளோடதாமா! அவ போட்டிருக்கற தோடு, பாவாட, எல்லாம் நான் வாங்கிக் குடுத்தது. பேசறது மட்டும் அவளோடதா?

நானும் விடல. ஒரு வாரம் வெல்லக் கச்சாயம் சுட்டுக் குடுத்தேன். அடுத்த வாரம் எள்ளுருண்ட. நல்லா இருக்கும்மான்னு சாப்புட்டாங்க. வாயத் தொறக்கல. அதாவது திங்கறதுக்குத் தொறந்தாங்க, சொல்றதுக்குத் தொறக்கல. சிரிக்காதீங்க, எனக்கு அப்ப வயிறு எரிஞ்சுது.

முடி வளந்துச்சுங்க, அத நான் இல்லைங்கல. ரெண்டு மூணு மாசத்துல கருகருன்னு வந்துருச்சு. ஆனா அது நான் காச்சுன எண்ணெயி. செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, வெந்தயம் எல்லாம் போட்டு நானே காச்சுனது. எல்லாரும் மிஸ்ஸச் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரும் அந்த மிஸ்ஸுக்கு ஒரு கும்புடுங்கறாரு. எண்ணெய ஒருத்தரும் சொல்லல.

ம்? இல்லீங்க, இப்ப இல்ல. திருப்பியும் போயிருச்சு. தலைல துப்பட்டா போட்டிருக்கறா பாருங்க, அதுக்கோசரந்தான். அதே எண்ணெயித்தான் தேய்க்கறேன். இப்பக் கேக்க மாட்டீங்குது. ஏன்னு தெரீல.

சொல்றேன், வரிசையாச் சொல்றேன்.

ஒரு வியாழக்கெழம இவ சோத்துப் போசிய மறந்துட்டுப் போயிட்டா. நான் அரநாள் லீவு போட்டு எடுத்துட்டுப் போனேன். கிளாஸ்ல இல்ல, கவுன்சிலிங்குன்னாங்க. சரி, அங்கயே குடுத்துரலாம்னு போறேன். ஜன்னல் தொறந்திருந்துச்சு. மரத்தோரமா நின்னேன். ஒளிஞ்செல்லாம் இல்லீங்க, வெயிலா இருந்துச்சு, அதான் மரத்தோரம்.

பாத்தா, இவ மடியில எங்கம்பெனி ஸ்டிக்கர் ரோலு. என்ற பையில இருந்து எடுத்துட்டு வந்திருக்கா. ஒவ்வொண்ணா உரிச்சு இவ மேலயே ஒட்டிக்கறா. புருவத்துல ஒண்ணு. காதுக்குப் பின்னாடி ஒண்ணு. கன்னத்துல பருவுக்கு ஒண்ணு. கோணப் பல்லக் காட்டி ஒதட்டுல ஒண்ணு. கையில, வயித்துல, முட்டியில, எடமில்லாம ஒட்டிட்டா. பொண்ணே தெரீல, செவப்பு அம்பாத்தான் இருக்கு. அந்த மிஸ்ஸு தடுக்கோணுமில்ல? கைய மடியில வெச்சுட்டுப் பாத்துட்டு இருக்காங்க. எல்லாம் ஒட்டி முடிச்சப்பறம் என்னமோ கேட்டாங்க. இவ யோசிச்சு யோசிச்சு ஒண்ணொண்ணா உரிச்சா. உரிச்சு ஜன்னல் கம்பியில ஒட்டுனா. கடைசில ரெண்டோ மூணோ மிச்சம் இருக்கறப்ப, ரெண்டு பேரும் சிரிச்சாங்க பாருங்க, அப்படியொரு சிரிப்பு. இவ அப்படிச் சிரிச்சு நான் பாத்து எத்தன வருசம் ஆச்சு.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு. நீங்களே சொல்லுங்க. நான் நாளெல்லாம் நின்னு, காலு வீங்கி, கண்ணு பூத்து சம்பாரிக்கற பொழப்பு. அத எடுத்துட்டுப் போயி வெச்சு வெளயாடிச் சிரிக்கறாங்க. என்ற பொழப்பு இவங்களுக்குக் கேலி. வேற எதுக்குங்க அந்த ஸ்டிக்கர எடுத்துட்டுப் போவோணும்? எனக்கு வேற காரணமே தோணல. இன்னிக்கு வரைக்கும் தோணல.

நீங்க என்ன, தலைய ஆட்டறீங்க? சரி, இருங்க.

அந்த மாசம் பேரண்ட்ஸ் மீட்டிங்குல எந்திரிச்சுக் கேட்டுட்டேன். பத்தாவது போற புள்ளைய, கணக்கு பீரியட்ல கூப்புட்டு வெச்சு, ஸ்டிக்கர் ஒட்டி வெளயாடறதுதான் கவுன்சிலிங்கான்னு. என்ன பேசறாங்கன்னு பெத்தவங்களுக்குச் சொல்ல மாட்டாங்களாமே, அது என்ன சட்டம்னு. நான் கேட்டது அவ்வளவுதான். ஆனா தீக்குச்சி கிழிச்சாப்புல ஆயிருச்சு. ஒரு அம்மா, எம்புள்ளையும் அந்த ரூமுக்குப் போயிட்டு வந்து எதுத்துப் பேசறான்னாங்க. இன்னொருத்தரு, அங்க போனாலே புள்ளைக்குப் பைத்தியம்னு பேராயிருது, நாளைக்கு யாரு பொண்ணு எடுப்பாங்கன்னாரு. கரஸ்பாண்டன்ட் கேட்டுட்டே இருந்தாரு. அவருக்கும் அந்த ரூம் வேணும் போல இருக்குது. அடுத்த வாரமே அது பத்தாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ் ரூம் ஆயிருச்சு. மிஸ்ஸு போயிட்டாங்க.

நான் அனுப்பச் சொன்னனாங்க? என்ன பேசறான்னு சொல்லச் சொன்னேன். அனுப்பச் சொல்லல. நான் அனுப்பச் சொல்லவே இல்ல.

மிஸ்ஸு போன அன்னிக்கு இவ வீட்டுக்கு வந்தா. அழுகல. சண்ட போடல. பைய வெச்சா, கை கழுவுனா, சாப்புட்டா. யாரு சொன்னாங்களோ, நான்தான் மீட்டிங்குல பேசுனேன்னு தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? ஏம்மா இப்படிப் பண்ணுனேன்னு கத்தியிருக்கலாமில்ல? நானும் நாலு வார்த்த பேசி, ரெண்டு பேரும் அழுது முடிச்சிருப்போம். அதோட வாய மூடுனவதான். எங்கிட்ட மட்டும் இல்லீங்க. அவங்கப்பாகிட்ட, கிளாஸ்ல, பிரெண்டுங்ககிட்ட, யாருகிட்டயும் இல்ல. தலைய ஆட்டறது கூடக் கெடயாது. அரையாண்டுப் பரிச்சயில பேப்பர்ல பேர எழுதி வெச்சுட்டு வந்துட்டா. சாப்பாட்டு நேரத்துல அந்தப் பழைய ரூம் படியில போயி உக்காந்துக்கறாளாம். உள்ள கணக்கு நடக்குது, இவ வெளிய படியில இருக்கா.

கோயமுத்தூர்ல டாக்டரப் பாத்தோம். அவரு எத்தனையோ கேட்டாரு. இவ செவுத்தப் பாக்கறா. நானே எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். டாக்டரு என்னைய வெளிய போகச் சொல்லிட்டாரு. வெளிய போயும் ஒண்ணும் நடக்கல.

எனக்குப் பயமா இருக்குங்க. ஆரும் கேக்காததாலதான் சொல்றேன், நெம்பப் பயமா இருக்கு. பாத்ரூம் போயி கொஞ்ச நேரம் ஆச்சுன்னா கதவத் தட்டிருவேன். உள் தாப்பாள நானே கழட்டிப் போட்டுட்டேன். கம்பெனியில நிக்கறேன், பீஸு கையில இருக்கு, கண்ணு பாக்குது, ஒண்ணும் தெரிய மாட்டீங்குது. போன வாரம் ஓட்ட பீஸு ஒண்ணு என்ற கையத் தாண்டிப் போயிருச்சு. இத்தன வருசத்துல மொத தடவ.

அதான் வெக்கத்த விட்டு நம்பரு வாங்கி மிஸ்ஸுக்குப் போன் பண்ணுனேன். திண்டுக்கல்லுல ஏதோ பள்ளிக்கூடத்துல இருக்காங்களாம். திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டியிருந்தாலும் தேவலைங்க. நான் பேசப் பேசக் கேட்டுட்டே இருந்துட்டு, 'சுபி எப்படிம்மா இருக்கா'ன்னாங்க. ஒண்ணு விடாமச் சொன்னேன். 'அவ வர்றேன்னா கூட்டிட்டு வாங்க. இஷ்டமில்லன்னா வேண்டாம், இழுத்துட்டு வந்துராதீங்க'ன்னாங்க. இவகிட்டச் சொன்னேன். இன்னிக்குக் காத்தால பாக்கறேன், குளிச்சு, செருப்பு மாட்டி, கதவுகிட்ட நிக்கறா. அவசரத்துல நான் சேல கட்டுனதே அர கொறதான்.

தாராபுரம் வந்துருச்சுங்களா? இங்க கொஞ்ச நேரம் நிக்கும். நான் எறங்கி டீ வாங்கிட்டு வர்றேன். உங்களுக்கும் வாங்கறேன், வேண்டாம்னு சொல்லப்படாது. சக்கர போட்டுங்களா? சரி, போட்டே வாங்கறேன். இவளக் கொஞ்சம் பாத்துக்கங்க. பேச மாட்டா, அதுனால தொந்தரவு இருக்காது.

*

இந்தாங்க டீ. ஆறிப் போயிருச்சு. இல்லீங்க, கடையில சூடாத்தான் குடுத்தான். நான்தான் கீழ நின்னுட்டேன்.

காசு எடுக்கப் பைக்குள்ள கைய விட்டேனுங்க. இவ போனு என்ற பையில இருக்குது. காத்தால சார்ஜ் போட்டு எடுத்தேன், இவகிட்டக் குடுத்துட்டேன்னு நெனச்சுட்டேன். குடுக்கல. என்ற பைக்குள்ளயே கெடக்கு. அப்ப அந்த ஒயரு? துப்பட்டாவுக்குள்ள போகுதே, அது எங்க போயி முடியுது?

திருப்பூர்ல இருந்து இவ எதக் கேட்டுட்டு வந்தா?

கேட்டிருந்தா போன அப்பவே குடுத்திருப்பேனுங்க. கேக்கலையே. எதையுமே கேக்கலையே.

அப்பத்தான் நிமுந்து பாத்தேன். ஜன்னல்ல இவ மூஞ்சி தெரியுது. வாயி அசையுது. மொதல்ல என்னமோ மெல்லறான்னு நெனச்சேன். இல்ல, பேசறா. உங்க மூஞ்சியக் கூடப் பாக்கல, முன் சீட்டுக் கம்பியில அந்த ஸ்டிக்கரு இருக்கில்லீங்க, அதப் பாத்துட்டே பேசறா. நீங்களும் அதையே பாத்துட்டு இருக்கீங்க. கண்டக்டரு விசில் ஊதறாரு, நான் ஏறல. ஏறுனா நிறுத்திருவாளேன்னு. அந்தாளு ஏம்மா வர்றியா இல்லியான்னு கத்துனப்பறம்தான் ஏறுனேன். ஏறுனேன், நிறுத்திட்டா.

இவ என்ன சொன்னாளுங்க? முழுசா வேண்டாம். ஒரே ஒரு வார்த்த. தண்ணி கேட்டாளா? எந்த ஊர்னு கேட்டாளா? என்னையப் பத்தியா? என்னைய நாலு திட்டு திட்டியிருந்தாலும் சரி, சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன்.

ஏனுங்க, சொல்ல மாட்டீங்களா?

நீங்களுமா?

சரிங்க. சரி. சொல்ல வேண்டாம். இப்படிக் கையப் புடிச்சுக்கிட்டா மட்டும் எனக்கு என்ன தெரியப் போவுது. இல்ல, இருக்கட்டும், புடிச்சுக்கங்க. நீங்க என்ன வேல பாக்கறீங்க, பேரு என்ன, ஒண்ணுமே நான் கேக்கல பாருங்க. இவ்வளவு நேரம் நான் மட்டுந்தான் பேசிட்டு வந்திருக்கேன்.

ஒண்ணு பண்ணுங்க. நீங்க இப்படி நடுச் சீட்டுக்கு நகந்துக்கங்க. நான் இந்தப் பக்கம் ஓரத்துல உக்காந்துக்கறேன். அட, பரவால்ல, வாங்க. டீய நான் புடிச்சுக்கறேன். ம், அப்படித்தான். திண்டுக்கல் வர்றதுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஜன்னலப் பாத்துட்டு வாங்க. தோணுனாப் பேசுங்க, தோணலைன்னா சும்மா வாங்க. நான் குறுக்க பேசல.

கண்ணு, சுபி, அந்த ஹெட்செட்டக் குடு சாமி. அம்மாகிட்டக் குடு. போன் வேண்டாம், அது பைக்குள்ளயே இருக்கட்டும்.

குடுத்துட்டா.

மாட்டிட்டேனுங்க. ரெண்டு காதுலயும் மாட்டிட்டேன். எனக்கு ஒண்ணும் கேக்காது. நீங்க பேசுங்க.